ஓடாத ரயிலுக்கு ஒரு பாதை



ரயில் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது அதன் ஓட்டம்தான். ஓடும் ரயிலைக் காப்பாற்றப் பொறியாளர்கள் எத்தனையோ ஏற்பாடுகள் செய்கிறார்கள். பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிடுகிறார்கள். பாதையின் சரிவை அளந்து வைக்கிறார்கள். இரும்பு துருப்பிடிக்காமல் வண்ணம் பூசுகிறார்கள். சரி, ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும் ரயிலுக்கு என்ன வேண்டும்? அதுவும் கைக்குள் அடங்கும் ஒரு மாதிரி ரயிலுக்கு? ஒரு பலகையும் இரண்டு ஆணியும் போதாதா?

போதும் என்றுதான் ஒரு காலத்தில் நானும் எண்ணினேன். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது என் மாமா எனக்கு ஒரு நீராவி எஞ்சின் மாதிரியையும் அதற்குரிய மூன்று பெட்டிகளையும் கொடுத்தார். அவற்றை எல்லோரும் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், வீட்டில் கிடந்த ஓர் அடி அகலப் பலகையை எடுத்தேன். அதன் இரு முனைகளிலும் தாங்கிகளை வைத்து, சன்னலுக்கு எதிரே இருந்த சுவரில் ஆணியடித்து மாட்டினேன். சில மாதங்கள் ஒன்றும் நேரவில்லை. ஒரு மழைக்கால இரவில் ‘தடால்’ என்று ஓசை கேட்டது. ஓடிவந்து விளக்கைப் போட்டால், பலகையும் ரயிலும் தரையில் கிடந்தன. எஞ்சினின் புகைபோக்கி முறிந்திருந்தது. அந்தப் புகைபோக்கியை எவ்வளவோ ஒட்டிப் பார்த்தும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை.

அன்று நான் செய்த தவறுகள் எவை? அவற்றைத் தேடிப் போனால், உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள நெம்புகோல், சாய்தளம், உராய்வு, ஒளி, உலோகங்கள் ஆகிய பாடங்கள் எல்லாம் ஒரு சுவரிலேயே தொங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். நிற்கும் ரயிலுக்கும் பொறியியல் வேண்டும். அது எப்படி என்று பார்ப்போமா?

மாதிரி என்பது என்ன?

பொம்மைக்கும் மாதிரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொம்மை ரயில் ரயிலைப் போல இருந்தால் போதும். மாதிரி ரயிலோ, உண்மை ரயிலின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யப்பட வேண்டும்.

தொடக்கத்தில் பொம்மை ரயில்கள் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒவ்வோர் அளவில் தயாராயின. ஒருவர் செய்த வண்டி மற்றவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது. ஜெர்மனியில் 1859-இல் தொடங்கப்பட்ட மார்க்லின் நிறுவனம், 1891-இல் லைப்ஸிக் நகரச் சந்தையில் எண்ணிட்ட பாதை அளவுகளுடன் தன் ரயில்களைக் காட்சிக்கு வைத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் தம் பெயரிலேயே ரயில்களை விற்கத் தொடங்கினார். இவ்வாறு படிப்படியாக அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. இன்று பெரிதும் வழக்கில் உள்ள சில அளவுகள் இவை:

ஓ.ஓ. அளவு: விகிதம் 1:76.2, தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ.
எச்.ஓ. அளவு: விகிதம் 1:87, இடைவெளி 16.5 மி.மீ.
என் அளவு: விகிதம் 1:160, இடைவெளி 9 மி.மீ.
இசட் அளவு: விகிதம் 1:220, இடைவெளி 6.5 மி.மீ.

முதல் இரண்டு வரிகளைக் கூர்ந்து பாருங்கள். விகிதம் வேறு, தண்டவாள இடைவெளி மட்டும் ஒன்றே. இது எப்படிச் சாத்தியம்? பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களை விட உருவில் சிறியவை. அவற்றை 1:87 விகிதத்தில் செய்தால், அந்தக் காலத்து மின் மோட்டாரை உள்ளே நுழைக்க இடமில்லை. எனவே பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் எஞ்சினின் உடலை மட்டும் சற்றுப் பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். 16.5-ஐ 76.2-ஆல் பெருக்கினால் 1257 மி.மீ. வரும். ஆனால் இங்கிலாந்தின் உண்மைப் பாதை 1435 மி.மீ. அகலம் உடையது. ஆக, ஓ.ஓ. ரயில்கள் தமக்குரிய பாதையை விட ஏறத்தாழ 18 செ.மீ. குறுகலான பாதையில் ஓடுகின்றன என்று கணக்கு சொல்கிறது!

நம் நாட்டு அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. கிடைக்கும். எனவே இந்திய அகலப் பாதை ரயிலை 16.5 மி.மீ. பாதையில் நிறுத்தினால், சக்கரங்கள் இருக்கவேண்டிய இடத்தைவிட ஏறத்தாழ 3 மி.மீ. நெருங்கி நிற்கும். அடுத்த முறை ஒரு மாதிரியைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்.

இனி நம் அலமாரிக்கு வருவோம். சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 2018 வரை கட்டிய வழக்கமான பயணிகள் பெட்டி, தாங்கல் முனை முதல் தாங்கல் முனை வரை ஏறத்தாழ 22.3 மீட்டர் நீளமும், 3.25 மீட்டர் அகலமும் கொண்டது. எச்.ஓ. அளவில் அது 25.6 செ.மீ. நீளமும் 3.7 செ.மீ. அகலமும் ஆகும். 20 மீட்டர் நீளமுள்ள ஓர் எஞ்சின் 23 செ.மீ. ஆகும். ஓர் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் சேர்ந்தால் 1 மீட்டர். எனவே 120 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள பலகை ஒரு ரயிலுக்குப் போதுமானது. நான் தேர்ந்தெடுத்த ஓர் அடி அகலப் பலகை தேவையே இல்லை. அது தேவையற்றது மட்டுமன்று, ஆபத்தானதும் கூட. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எடை எவ்வளவு?

நீளம் 87-இல் ஒரு பங்காகக் குறைந்தால் எடை எத்தனை பங்காகக் குறையும்? அவசரப்பட்டு 87 என்று சொல்லிவிடாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 87 மடங்கு குறைகின்றன. எனவே பருமன் 87 × 87 × 87, அதாவது 6,58,503 மடங்கு குறைகிறது. அதே பொருள்களால் அதே விகிதத்தில் செய்தால் எடையும் அப்படியே குறையும். 100 டன் எடையுள்ள எஞ்சின் 152 கிராம் ஆகிவிடும்!

ஆனால் கடையில் கிடைக்கும் ஒரு நல்ல உலோக எஞ்சின் மாதிரியைத் தராசில் வைத்தால் 300 முதல் 500 கிராம் வரை காட்டும். மிகவும் இலேசான எஞ்சினின் சக்கரங்கள் தண்டவாளத்தைப் பற்றி இழுக்காமல் வழுக்கிச் சுழலும். அதனால் உள்ளே வேண்டுமென்றே எடையைச் சேர்க்கிறார்கள். பெட்டிகளுக்கும் இதே நிலைதான். அமெரிக்காவில் 1935-இல் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம், எச்.ஓ. பெட்டிகளுக்கு ஓர் அவுன்சும், மேலும் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சும் எடை வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நம் பெட்டி ஏறத்தாழ 10 அங்குலம். எனவே 6 அவுன்சு, அதாவது 170 கிராம் வேண்டும்.

எஞ்சின் 400 கிராம், பெட்டிகள் மூன்றும் 510 கிராம் என்று கொள்வோம். மொத்தம் 910 கிராம். பலகையின் எடை என்ன? 120 × 10 × 1.8 செ.மீ. அளவுள்ள பிளைவுட்டின் பருமன் 2160 கன செ.மீ. அதன் அடர்த்தி ஏறத்தாழ 0.6 என்றால், எடை 1.3 கிலோகிராம். பார்த்தீர்களா, ரயிலை விடப் பலகைதான் கனமானது! இரண்டும் சேர்ந்து 2.2 கிலோகிராம். இதைத் தாங்க ஏறத்தாழ 22 நியூட்டன் விசை வேண்டும்.

சுவரில் ஒரு நெம்புகோல்

தலைகீழாகக் கவிழ்த்த ‘ட’ என்ற எழுத்தைப் போன்ற இரும்புத் தாங்கிகள் இரண்டின் மேல் பலகையை வைக்கிறோம். ஒவ்வொரு தாங்கிக்கும் 11 நியூட்டன் எடை. தாங்கியின் ஒரு கை பலகைக்கு அடியில் நீள்கிறது. மற்றொரு கை சுவரோடு ஒட்டிக் கீழே இறங்குகிறது. மேலே ஒரு திருகாணி. கீழ் முனை சுவரில் அழுந்துகிறது. இது நெம்புகோலேதான்! கீழ் முனை சுழல் புள்ளி. பலகையின் எடை, தாங்கியை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. மேல் திருகாணி அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது.

10 செ.மீ. பலகையில் எடை சுவரிலிருந்து சராசரியாக 5 செ.மீ. தள்ளி இருக்கிறது. திருப்புத்திறன் 11 × 5 = 55 நியூட்டன் செ.மீ. திருகாணி சுழல் புள்ளியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதை வெளியே பிடுங்கும் விசை 55 ÷ 8, அதாவது ஏறத்தாழ 7 நியூட்டன். முக்கால் கிலோ எடைக்கும் குறைவு.

இனி என்னுடைய ஓர் அடிப் பலகைக்கு வாருங்கள். அகலம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, அகலம் மும்மடங்கு ஆனதால் அதில் மூன்று ரயில்களையும் நிறுத்துவோம். பலகையும் ரயில்களுமாக எடை மும்மடங்கு ஆகிறது. ஒரு தாங்கிக்கு 33 நியூட்டன். அது மட்டுமா? எடை சுவரிலிருந்து தள்ளியிருக்கும் தூரமும் 15 செ.மீ. ஆகி மும்மடங்காகிவிட்டது. 33 × 15 ÷ 8 = 62 நியூட்டன். அகலம் 3 மடங்கு ஆனால் பிடுங்கும் விசை 9 மடங்கு! அந்தப் பலகையின் முன் விளிம்பில், ஒரு தாங்கிக்கு நேராக, யாராவது 20 கிலோ எடையைச் சாய்த்தால், அந்தத் திருகாணியின் மேல் கூடுதலாக 750 நியூட்டன் விழும். ஓர் ஆள் திருகாணியைப் பிடித்துத் தொங்குவதற்கு அது சமம்.

ஆகவே முதல் விதி: பலகையின் அகலம் குறுகியதாகவும், தாங்கியின் செங்குத்துக் கை நீண்டதாகவும் இருக்கட்டும். ரயில்கள் பெருகினால் பலகையை அகலப்படுத்தாதீர்கள். அடுத்தடுத்துப் பல பலகைகளை மாட்டுங்கள்.

திருகாணியை எது பிடித்திருக்கிறது? சுவரின் மேலே தெரிவது காரைப்பூச்சு. அது ஒன்று, ஒன்றரை செ.மீ. கனமே இருக்கும். அதற்கு எடை தாங்கும் வலிமை கிடையாது. துளை, பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் குறைந்தது 4 செ.மீ. போகவேண்டும். துளைக்குள் ‘ராவல் பிளக்’ எனப்படும் குழலைச் செருகித் திருகாணியை முடுக்கினால், குழல் விரிந்து செங்கல்லை எல்லாப் பக்கமும் அழுத்தும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் பிடி இறுகும். இந்த எளிய கருவி பிறந்த கதை சுவையானது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின் சாதனங்களைப் பொருத்தவேண்டிய தேவை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அந்தப் பணியை ஏற்ற ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் கண்டுபிடித்ததே இது. அவர் பெயரே குழலின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

ஓர் எச்சரிக்கை! மின் கம்பிகள் சுவருக்குள் புதைந்திருக்கலாம். அவை பெரும்பாலும் மின் பொத்தான் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் செல்லும். அந்த இடங்களில் துளை போடக்கூடாது. துளையிடும் வேலையை வீட்டுப் பெரியவர்களோ, ஆசாரியோ, கொத்தனாரோ செய்யட்டும். எங்கே, எவ்வளவு ஆழம் என்ற கணக்கை நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

நடுவில் தொய்வது ஏன்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். 30 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோலை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே, 28 செ.மீ. இடைவெளியில் பாலம்போல் வையுங்கள். நடுவில் சில நாணயங்களை வைத்து, அளவுகோல் எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுக்குகளை நெருக்கி இடைவெளியை 14 செ.மீ. ஆக்கி, அதே நாணயங்களை நடுவில் வையுங்கள். தாழ்வு பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதைக் காண்பீர்கள். நடுவில் வைத்த எடையால் ஏற்படும் தொய்வு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது.

அலமாரியில் எடை ஓரிடத்தில் இல்லை. பலகை முழுவதும் பரவி இருக்கிறது. இடைவெளி நீண்டால் அதற்கேற்ப எடையும் கூடும். எனவே தொய்வு இடைவெளியின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். இடைவெளியை இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு! அதேபோல் பலகையின் கனத்தை இரட்டித்தால், அதே எடைக்குத் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

நம் 120 செ.மீ. பலகையை இரு முனைகளிலும் தாங்கினால், நடுவில் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. தொய்யும். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பீர்கள். மரம் பல மாதங்கள் எடையைச் சுமந்துகொண்டே இருந்தால், தொய்வு மெல்ல மெல்ல வளரும் என்பதை மறக்கவேண்டாம்.

இதற்குச் செலவே இல்லாத மருந்து ஒன்று உண்டு. தாங்கிகளை முனைகளிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் பலகை நீளத்தில் 100-க்கு 22 பங்கு, அதாவது 120 செ.மீ. பலகையில் ஏறத்தாழ 27 செ.மீ. உள்ளே வைத்தால், வெளியே நீண்டிருக்கும் பகுதிகளின் எடை நடுப்பகுதியை மேலே தூக்கிவிடும். தொய்வு முன்பு இருந்ததில் நாற்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதே பலகை, அதே இரண்டு தாங்கிகள். இடம் மட்டுமே மாறியது!

மட்டம் தவறினால்…

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு. ரயிலின் பெருமையே அதுதான், ஆபத்தும் அதுதான். சிறு சரிவு இருந்தாலும், தடை போடாத பெட்டி தானாக உருளத் தொடங்கிவிடும். எனவே இந்திய ரயில்வேயில் நிலையப் பகுதிகளின் சரிவு 1-க்கு 400-ஐ விடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்றும், 1-க்கு 1200 ஆக இருப்பது விரும்பத்தக்கது என்றும் விதித்திருக்கிறார்கள்.

இந்த விதியை அலமாரிக்குப் பொருத்திப் பாருங்கள். 120 செ.மீ. பலகையில் 1-க்கு 400 என்றால் ஒரு முனை மற்றதை விட 3 மி.மீ. தாழ்வு, 1-க்கு 1200 என்றால் 1 மி.மீ. தாழ்வு. முன்பு சொன்ன ஒன்றரை மி.மீ. தொய்வைக் கணக்கிட்டால், பலகையின் முனைப் பகுதிகளில் சரிவு 1-க்கு 250 வரை வந்துவிடும். உண்மை ரயில் நிலையமாக இருந்தால் பொறியாளர் அதை ஏற்கமாட்டார்! நீலகிரி மலை ரயிலில் சரிவு 1-க்கு 12 வரை போகிறது. நம் பலகையில் அது 10 செ.மீ. ஏற்றம். அங்கே சக்கரத்தின் பிடி போதாமல், பல்சக்கரமும் பல்தண்டவாளமும் வைத்திருக்கிறார்கள்.

மாதிரிப் பெட்டிகளில் பலவற்றின் அச்சுகள் ஊசிமுனை போன்றவை. கூம்பு வடிவக் குழிகளில் அந்த முனைகள் மட்டுமே தொட்டுக்கொண்டு சுழல்வதால் அவை எளிதில் உருளும். கதவை ஓங்கிச் சாத்தினாலோ, மாடியில் யாராவது குதித்தாலோ, சுவர் அதிர்ந்து பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும்.

பலகையை மட்டமாக வைக்க ரசமட்டம் இல்லையா? கவலை வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம் போதும். ஒளி ஊடுருவும் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, இரு முனைகளையும் சுவரில் இரண்டு தாங்கிகளின் இடத்தில் பிடியுங்கள். இரு முனைகளும் திறந்திருப்பதால் வளி அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே நீர் இரண்டிலும் ஒரே உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைப் பென்சிலால் குறித்தால் முடிந்தது. அதன்பின் பலகையின் மேல் ஒரு துண்டுத் தண்டவாளத்தை ஒட்டி, அதன்மேல் ரயிலை நிறுத்துங்கள். சக்கர விளிம்புகள் தண்டவாளத்துக்குள் அடங்குவதால், ரயில் முன்னால் நழுவி விழாது. இரு முனைகளிலும் சிறு மரக்கட்டையைத் தடுப்பாக வைத்துவிடுங்கள். பலகையின் முன் விளிம்பில் அரை செ.மீ. உயரச் சட்டம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

வெயிலும் விளக்கும்

பலகை விழாது, ரயிலும் உருளாது. ஆனால் சன்னலுக்கு எதிரே மாட்டிவிட்டீர்களே! ஒளி, நிறப்பொருள்களின் மூலக்கூறுகளைச் சிதைக்கும். புற ஊதாக் கதிர்கள் இதில் மிக முரட்டுத்தனமானவை. சன்னல் கண்ணாடி அவற்றில் ஒரு பகுதியையே தடுக்கிறது. சிவப்பு வெளுக்கும்; வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். வெளுத்த நிறம் ஒருபோதும் திரும்பி வராது.

ஒளியால் விளையும் கேடு, ஒளியின் செறிவையும் அது பட்ட நேரத்தையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப வளர்கிறது. எளிதில் வெளுக்கும் பொருள்களுக்கு 50 லக்ஸ் ஒளி போதும் என்று அருங்காட்சியகங்கள் வரையறுத்துள்ளன. நாளைக்கு 8 மணி நேரம் 50 லக்ஸ் என்றால் 400 லக்ஸ்-மணி. நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். எனவே நேர் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கும் மாதிரி, அருங்காட்சியகத்தில் 250 நாள் காணும் ஒளியைக் கண்டுவிடுகிறது! இதில் வெயிலின் வெப்பத்தை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆகவே, சன்னல் இருக்கும் அதே சுவரையோ, வெயில் எட்டாத உட்சுவரையோ தேர்ந்தெடுங்கள். விளக்கு வைப்பதானால் சிறிய எல்.இ.டி. விளக்கு போதும். அதையும் பார்க்கும் நேரத்தில் மட்டும் போடுங்கள்.

தூசி, ஈரம், உலோக நோய்

தூசி வெறும் அழுக்கன்று. அது காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் அதனுடன் உப்பும் சேரும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு அச்சுகள் துருப்பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அலமாரிக்கு முன்னால் நகரும் கண்ணாடி வைத்தால் தூசி பெருமளவு குறையும். ஆனால் முற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்துவிடாதீர்கள். சில மரங்களும் ஒட்டுப் பசைகளும் மெல்ல அமில ஆவியை வெளியிடும். அது உள்ளேயே தங்கினால், மாதிரிக்குள் எடைக்காக வைத்த காரீயத்தை அரிக்கும். மழைக்காலத்தில் ஒரு சிறு துணிப்பையில் சிலிக்கா ஜெல் வைக்கலாம். தூசி தட்ட ஈரத்துணி வேண்டாம். மென்மையான ஓவியத் தூரிகை போதும்.

பழைய மாதிரிகளுக்கு விசித்திரமான நோய் ஒன்று உண்டு. 1920-களிலும் 1930-களிலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துப் பல எஞ்சின்கள் செய்யப்பட்டன. அவற்றுள் சில, யாரும் தொடாமலேயே, பல ஆண்டுகளுக்குப் பிறகு வீங்கி, வெடித்து, பிஸ்கட்டைப் போல நொறுங்கின. காரணம் என்ன? கலவையில் காரீயம் மிகச் சிறிதளவு மாசாகக் கலந்திருந்ததுதான். அந்த மாசு, உலோகத்தின் படிகத் துகள்களுக்கு இடையே உள்ள எல்லைகளில் தங்குகிறது. ஈரமும் வெப்பமும் சேரும்போது அந்த எல்லைகள் வழியே அரிப்பு உள்ளே பரவுகிறது. அரிப்பில் உண்டாகும் பொருள் அதிக இடத்தை அடைப்பதால் உலோகம் வீங்கி வெடிக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 1929-இல், 99.99 சதவிகிதத் தூய துத்தநாகத்துடன் அலுமினியம், மக்னீசியம், செம்பு சேர்த்து உருவாக்கிய ‘சாமாக்’ கலவை இதற்கு விடையாக அமைந்தது. ஒரு முறை நோய் பற்றிய வார்ப்பைக் குணப்படுத்த வழியில்லை. ஆனால் அது ஒரு மாதிரியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. உலர்ந்த, வெப்பம் ஏறாத இடத்தில் வைத்தால் அதன் வேகம் குறையும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாசு என்ன செய்துவிடும் என்று இனி யாராவது கேட்டால், இந்த எஞ்சின்களைச் சொல்லுங்கள்!

பெயர்ச்சீட்டு இல்லாத ரயில்

எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. ஒரு வேலை மட்டும் பாக்கி. உங்கள் வீட்டுக்கு வரும் நண்பர், ‘இது என்ன எஞ்சின்?’ என்று கேட்கிறார். நீங்கள் ஊரில் இல்லை. யார் பதில் சொல்வது?

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு சிறு அட்டை எழுதுங்கள். எஞ்சினின் பெயர், உண்மை எஞ்சின் கட்டப்பட்ட ஆண்டு, மாதிரியின் விகிதம், அது உங்களிடம் எப்படி வந்தது ஆகியவற்றைக் குறியுங்கள். எடுத்துக்காட்டாக, ‘மல்லார்டு, 1938, நீராவி எஞ்சின்களில் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தது, ஓ.ஓ. அளவு’ என்று எழுதலாம். உண்மையான மல்லார்டு இங்கிலாந்தில் யார்க் நகரத் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நாட்டின் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977 முதல் டில்லியில் உள்ளது. அங்கே நிற்கும் எஞ்சின்களும் பெரும்பாலும் ஓடாதவைதான். ஆயினும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வரலாற்றைப் படிக்கிறோம் அல்லவா? சேகரிப்பைக் குவியலிலிருந்து பிரிப்பது அந்த எழுத்துதான்.

பலகைகளை உங்கள் கண் மட்டத்துக்கு அருகே, ஒன்றுக்கொன்று 12 முதல் 15 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். நீராவி, டீசல், மின்சாரம் என்று காலவரிசையில் நிறுத்தினால், சுவரே வரலாற்றுப் புத்தகமாகிவிடும். எச்.ஓ. ரயிலை 60 செ.மீ. தூரத்தில் நின்று பார்ப்பது, உண்மை ரயிலை 52 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம்.

விலை உயர்ந்த மாதிரிகள் இல்லையே என்று வருந்த வேண்டாம். 1:87 விகிதத்தில் அளந்து, தடித்த அட்டையால் நீங்களே ஒரு பெட்டி செய்யலாம். அளவு சரியாக இருந்தால் அதுவும் மாதிரியே. அதைத் தாங்கும் பலகைக்கும் இதே விதிகள்தாம்.

என் பழைய பலகையின் குற்றப்பட்டியல் இப்போது உங்களுக்கே தெரியும்: அகலம் அதிகம், தாங்கிகள் முனைகளில், ஆணி காரைப்பூச்சில் மட்டும், எதிரே சன்னல், மழையின் ஈரம். அந்த எஞ்சின் இன்றும் என் வீட்டில் இருக்கிறது. 10 செ.மீ. அகலப் பலகையில், முறிந்த புகைபோக்கியுடனேயே நிற்கிறது. அதன் அட்டையில் கடைசி வரியாக, அது விழுந்ததற்கான காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சிந்தித்துப் பாருங்கள்

1. நீலகிரி மலை ரயிலின் பாதை 1000 மி.மீ. அகலம் கொண்டது. எச்.ஓ. விகிதத்தில் அதன் தண்டவாள இடைவெளி எவ்வளவு?

2. முனைகளில் தாங்கப்பட்ட ஒரு பலகையின் நீளத்தை 60 செ.மீ. இலிருந்து 180 செ.மீ. ஆக்கி, அதற்கேற்ப ரயிலையும் நீட்டினால் தொய்வு எத்தனை மடங்காகும்?

3. ஒரு பலகையின் அகலத்தை 10 செ.மீ. இலிருந்து 20 செ.மீ. ஆக்கி, அதில் இரண்டு ரயில்களை நிறுத்தினால், திருகாணியைப் பிடுங்கும் விசை எத்தனை மடங்காகும்?

விடைகள்: 1. ஏறத்தாழ 11.5 மி.மீ. 2. 81 மடங்கு. 3. 4 மடங்கு.